ஆமென் சொல்லும் வரையில்

காவிரியிலும் வைகையிலும் எத்தனையோ நிலவுகளைக் கண்டு களித்த வாசகர்களே! இன்று ஒருநாள் என் பேச்சைக் கேட்டுத் தேம்ஸ் நதிக்கரைக்கு வாருங்கள். குளிருக்குப் போர்வை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சில நூற்றாண்டுகளுக்கு முந்திய ஓர் அந்திப் பொழுது அது. லண்டன் மாநகரின் கோபுரங்களுக்குப் பின்னே எழுந்த முழுமதி, நதியின் கருநீர் முழுவதும் வெள்ளொளியைப் பரப்பிக்கொண்டிருந்தது. தென்கரையிலே, கூரையில்லாத வட்டமான நாடகக் கொட்டகையிலிருந்து எழுந்த சிரிப்பொலி படகுத்துறை வரையில் கேட்டது.

அத்தனை பேரையும் சிரிக்க வைத்தவன் மட்டும் சிரிக்கவில்லை. மெழுகுவர்த்தி வியாபாரிக்கு மகனாகப் பிறந்து, மேடை பெருக்கும் வேலையில் சேர்ந்து, இன்று நகரமே கொண்டாடும் நாடகாசிரியனாகிவிட்ட கிறிஸ்பின் ஹாலோவே, மேடைக்குப் பின்னால் முகம் வெளிறி நின்றான். தன் நாடகத்தில் பேராசைக்கார மந்திரி ஒருவனைப் படைத்திருந்தான், பாவம்! அரண்மனையிலே மெய்யான மந்திரி ஒருவருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. எழுதிய வலக்கையை மணிக்கட்டோடு வெட்டிவிடும்படி ஆணை பிறந்தது. அதை நிறைவேற்ற வந்த சர் ஆம்ப்ரோஸ் டென்னிங், நடுவில் புகுந்தால் ஜனங்கள் கலகம் செய்வார்களென்று அஞ்சி, நாடகம் முடியட்டுமென்று கொட்டகையின் ஒரே வாசலைத் தம் ஆட்களால் அடைத்துக்கொண்டு நின்றார்.

"துறையிலே என் மார்ஜரி படகோடு காத்திருக்கிறாள். ஆனால் அந்த வாசலை எப்படித் தாண்டுவேன்?" என்றான் கிறிஸ்பின்.

அவனுடைய ஆருயிர் நண்பனும் பருத்த சரீரியுமான நடிகன் ஹம்ஃப்ரி, "அப்பனே, வாயை அடக்கு என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்! போகட்டும். நாடகம் முடிந்ததும் நாம் செய்வது என்ன?" என்று கேட்டான்.

"மகாராணியாருக்காகப் பிரார்த்தனை."

"எல்லோரும் முழந்தாளிட்டு அல்லவா? நான் 'ஆமென்' சொல்லும் வரையில் எவன் எழுந்திருப்பான்?"

"அது நாலே வரியாயிற்றே!"

"இன்றைக்கு அதன் நீளத்தைப் பார்!" என்று சொல்லி ஹம்ஃப்ரி மேடை ஏறினான்.

"மகாஜனங்களே! மகாராணியாருக்காகப் பிரார்த்திப்போம். 'ஆமென்' என்னுமுன் கூப்பிய கையைப் பிரிப்பவன் ராஜத்துரோகி!"

கூட்டம் சேற்றிலே மண்டியிட்டது. வாசலில் நின்ற சர் ஆம்ப்ரோசும் அவருடைய ஆட்களும் மண்டியிட்டார்கள். ஹம்ஃப்ரி மகாராணியின் ஆயுளுக்காக வேண்டினான். ஜீரண சக்திக்காக வேண்டினான். குதிரைகளுக்காகவும் அவற்றின் குளம்புகளுக்காகவும் உருகினான். அதற்குள் கூப்பிய கரங்களோடு முழங்காலாலேயே நகர்ந்து வந்தான் நமது கிறிஸ்பின்! சர் ஆம்ப்ரோசின் மூக்கருகே வாசலைக் கடந்தான்.

"அடே, நில்!" என்று பல்லைக் கடித்தார் சர் ஆம்ப்ரோஸ்.

"பிரார்த்தனை வேளையில் பேசலாகாது, ஐயா" என்றான் கிறிஸ்பின் பணிவாக.

"அதுதானே! மகாராணியிடம் மரியாதை இல்லையா உமக்கு?" என்று சீறினாள் அருகில் மண்டியிட்டிருந்த ஆப்பிள்காரி. சர் ஆம்ப்ரோஸ் வாயை மூடிக்கொண்டார்.

துறையிலே படகோட்டி மகள் மார்ஜரி, அவன் கையைப் பற்றி இழுத்துப் படகில் ஏற்றினாள். படகு நகர்ந்ததும், "மார்ஜரி, முகத்துவாரத்தில் நிற்கும் ஹாலந்துக் கப்பலில் நான் ஏறிக்கொள்கிறேன். நீ என்னோடு வந்தால் உன் ஊரை மறுபடி காணமாட்டாய்" என்றான் கிறிஸ்பின்.

"நீர் இல்லாத ஊர் எனக்கு எதற்கு? பேச்சை விட்டுத் துடுப்பைப் பிடியும்!" என்றாள் அந்த வீரப் பெண்.

அப்போது, வறண்டு கரகரத்துப்போன ஹம்ஃப்ரியின் குரல் நீரின் மேல் மிதந்து வந்தது.

"கடைசியாக ஒன்று, கர்த்தரே! வெகுதூரம் போகிற பிள்ளை ஒருவனின் வலக்கையைக் காத்தருளும். எங்களைச் சிரிக்க வைக்க அவனைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?"

அதன் பிறகே ஹம்ஃப்ரி 'ஆமென்' என்றான். படகிலே கிறிஸ்பின் குழந்தைபோல் விம்மி அழுதான்.

கொட்டகை முழுவதும் ஒரே குரலாக "ஆமென்" என்று முழங்கியது. சர் ஆம்ப்ரோசும் சொன்னார்; சொல்லாமல் எப்படி எழுந்திருப்பார்?