இறங்கியவர்கள் ஏழு

செம்பியன் கடலூரிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் படகுத்துறை. ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் அங்கே ஒரு கம்பிக் கதவு எண்ணும். ஒருவர் தள்ளிக்கொண்டு போனால் கம்பி ஒரு சுற்று சுற்றும். அந்தக் கணக்கைப் பழைய கணினியிலிருந்து புது சர்வருக்கு மாற்றியது செம்பியன்தான். மாற்றிய நாள் முதல், போனவர்களைவிடத் திரும்பியவர்கள் ஒருவர் அதிகம். கணக்கு இடித்தால் அபாய மணி அலறும். மூன்று நாளாக ஒவ்வொரு படகுக்கும் அலறியது.

"மணி அடிச்சா யாரோ தண்ணில வுழுந்துட்டாங்கன்னு ஜனங்க ஓடியாறாங்க தம்பி," என்றார் மேலாளர் உத்திராபதி. "இன்னிக்குள்ள சரியாவலன்னா உங்க கம்பெனியே வாணாம்னுட்டாரு மொதலாளி."

செம்பியன் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தான். பிழை இல்லை. சென்சாரை மாற்றினான். மணி அலறியது. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினான். அப்போதும் அலறியது.

எரிச்சலோடு கதவருகே போய் நின்றான். ஆறு பேரோடு போன படகு ஒன்று அலையாத்திக் காட்டிலிருந்து திரும்பி வந்தது. விரல் மடக்கி எண்ணினான். "நாலு... அஞ்சு... ஆறு."

ஆறாவது ஆள் வெளியே போய்விட்டார். சேற்று வாடை வீசியது.

கம்பி இன்னொரு முறை சுற்றியது.

மெதுவாக. யாரோ இடுப்பால் தள்ளிக்கொண்டு போவதுபோல.

"ஏழு!" என்று கத்தினான் செம்பியன். "ஸ்பிரிங் லூசுண்ணே. இதுக்குத்தானா மூணு நாளு!"

உத்திராபதி கழற்றிப் பார்த்தார். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தது.

வேறு வழியின்றிப் பழைய கணினியைத் தோண்டினான். மாற்றும்போது விட்டுப்போன ஒரு வரி கிடைத்தது. திரும்பியவர்கள் எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்கச் சொல்லும் வரி. எழுதியவர் சந்திரலேகா, அவனுக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் புது சர்வரில் சேர்த்தான்.

அடுத்த படகு. போனவர் ஆறு. திரும்பியவர் ஐந்து.

மணி அலறியது.

மேசையை ஓங்கிக் குத்திவிட்டுச் சந்திரலேகாவுக்கு போன் போட்டான்.

"எதுக்குங்க ஒண்ணக் கழிச்சு வச்சீங்க? இப்ப கழிச்சா ஒண்ணு கொறையுது!"

மறுமுனையில் தணிந்த குரல் கேட்டது. "கணக்கு இடிச்சா யாராச்சும் போயி நின்னு எண்ணுவாங்க சார். அது கூடாதுன்னுதான். நீங்க எண்ணுனீங்களா? வாய்விட்டு?"

"ஆமா."

"அப்ப அது எறங்கிடுச்சு."

போன் துண்டிக்கப்பட்டது.

பைத்தியம் என்று திட்டியபடியே அந்த வரியை நீக்கினான். அடுத்த படகுக்குப் போனவர் ஆறு, வந்தவர் ஆறு. மணி அடிக்கவில்லை. உத்திராபதி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். செம்பியனுக்கு மனசு ஆறவில்லை. எப்படிச் சரியானது என்றே தெரியாமல் என்ன ரிப்போர்ட் எழுதுவது?

மூன்று மணி வெயிலில் கிளம்பி, எங்கும் நிற்காமல் சிதம்பரம் வழியாக வீடு வந்து சேர்ந்தான். வாசலில் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தனியாகத்தான் வந்திருந்தான்.

பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகள் இரண்டும் விரிந்திருந்தன.

இரண்டிலும் கறுப்புச் சேறு. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.