பனிக்கு அடியில் ஒருவர்

கொறற்றியும் அவள் கணவன் சுகிர்தனும் ஆல்கோய் மலையடிவாரத்து விடுதியில் வந்து இறங்கியபோது, பாதையை மூடுவதற்கான தடுப்புக்கட்டைகளை ஏற்றிய வண்டி அவர்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. வடக்கே இருக்கும் தங்கள் ஊரான பீலெஃபெல்டிலிருந்து இருள் பிரியுமுன் புறப்பட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் தனியாக எடுத்த முதல் விடுமுறை. ஒரு கிழமை, ஏழு நாளும் பனிச்சறுக்கு என்று திட்டம். வந்த மறுநாளே பனிச்சரிவு அபாயம் ஐந்தில் நான்காம் நிலைக்கு ஏறிவிட்டதாக அறிவித்தார்கள். சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட லிப்டுகள் நின்றுபோயின. காலையில் வெடி வைத்துப் பனியை உடைக்கும் சத்தம் ஜன்னலை அதிரவைக்கும். அதன்பின் ஒன்றும் இல்லை. பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தது.

விடுதிக்காரர் ஹூபர் அதிகம் பேசாதவர். பின்பக்கத்துக் கிழக்குச் சரிவில் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அங்கே யாராவது புதைந்து போயிருக்கிறார்களா என்று சுகிர்தன் கேட்டான். புதைந்தவர்கள் எல்லோரையும் எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, அவர் ஏற்கெனவே துடைத்த கோப்பையை மறுபடி துடைத்தார்.

சுகிர்தனுக்கு ஆம்புலன்ஸில் வேலை. சும்மா இருக்கத் தெரியாதவன். ஒரு மதியம், தேடுகருவியைப் பழகிப் பார்ப்போம் என்று அவளை விடுதியின் பின்பக்கத்துக்கு அழைத்தான். மலையில் சறுக்குகிறவர்கள் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி அது. பனியில் புதைந்தவரின் கருவி சமிக்ஞை அனுப்பும். தேடுகிறவரின் கருவியில் அம்புக்குறி திசை காட்டும். கிட்டப் போகப் போகப் பீப் ஒலி விரைவாகும். அவன் தன்னுடையதை ஒரு பையில் போட்டுப் பனிக்குள் புதைக்கவேண்டும், அவள் தேடி எடுக்கவேண்டும்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். மூடுபனி விடுதியின் கூரை வரைக்கும் இறங்கியிருந்தது. ஈரக் கம்பளியின் வாடையும் அதற்குள் இன்னொரு வாடையும் வந்தது. நாட்கணக்கில் திறக்காத அறையின் வாடை.

“ஓம், வாரும்,” என்று அவன் குரல் கேட்டது.

அவள் கருவியைத் தேடலுக்கு மாற்றினாள். பீப். அம்புக்குறி நேரே முன்னால் காட்டியது. முழங்கால் புதைய நடந்தாள். தூரம் குறைந்துகொண்டு வந்தது. தொடையில் ஏதோ உரசியது.

கயிறு.

இவ்வளவு தூரத்திலா கொண்டுபோய் வைத்தார் என்று அலுத்துக்கொண்டே குனிந்து அதைக் கடந்தாள்.

“கொறற்றி! எங்க போறீர்?”

பின்னால், விடுதியின் பின்வாசலில் சுகிர்தன் நின்றான். ஒரு கையில் அவனுடைய கருவி, அதன் மின்கலம் போடும் மூடி திறந்திருந்தது.

“நான் இன்னும் புதைக்கேல்லை,” என்றான். “பற்றரியே போடேல்லை.”

அவள் கையில் இருந்தது பீப் என்றது.

வாசலிலிருந்து அவன் எட்டி நடந்து வந்து அதைப் பார்த்தான். அவன் முகம் வேலைக்குப் போகும்போது இருக்கும் முகமாக மாறியது. கீழே ஒரு ஆள் கிடக்கிறார் என்றான். கருவியைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து வந்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள். புதைந்தவர்கள் எல்லோரையும் எடுத்தாயிற்று என்று ஹூபர் சொன்னாரே என்றாள். உங்கள் குரல் என்னைக் கூப்பிட்டது என்பதையும் சொன்னாள்.

“வேண்டாம், வாங்கோ. ஆக்களைக் கூப்பிடுவம்.”

“மூச்சு இருந்தா? விட்டிட்டு வர எனக்கு ஏலாது.”

அவள் உதவி கேட்டு விடுதியை நோக்கி ஓடினாள். அவன் தோண்டும் சத்தம் பின்னால் கேட்டது. சரக், சரக்.

பிறகு அது நின்றது.

மேலே எங்கோ ஏதோ ஒன்று பெரிய மூச்சு விட்டது போல் இருந்தது.

காற்று அவளைத் தூக்கிச் சுவரோடு அடித்தது. கண் திறந்தபோது கயிறும் இல்லை, அவன் தோண்டிய குழியும் இல்லை, அவனும் இல்லை. சரிந்து வந்த பனியின் வெள்ளை மட்டும்.

ஹூபரும் லிப்டில் வேலை செய்யும் இருவரும் கருவிகளோடு ஓடிவந்தார்கள். எல்லாக் கருவியும் ஒரே இடத்தைக் காட்டியது. அவன் கருவியில் பற்றரி இல்லை என்று கொறற்றி சொன்னதும் ஹூபர் அப்படியே நின்றுவிட்டார். அப்படியானால் அது அவன் இல்லை, அந்தச் சமிக்ஞை முந்தியும் எங்களை இழுத்து அலைக்கழித்திருக்கிறது, பனி அவனைக் கீழே அடித்துப் போயிருக்கும், கீழ்ப்பக்கம் தேடுவோம் என்றார். மற்ற இருவரும் அவளைப் பார்த்தார்கள். ஓரிடத்தில்தான் தோண்ட நேரம் இருந்தது.

அவள் அந்தப் பீப் ஒலியைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவனை வரவழைக்கத்தானே அது அவன் குரலில் அவளைக் கூப்பிட்டது. கிடைத்தவனை அது தன் பக்கத்திலிருந்து விட்டிருக்குமா?

சமிக்ஞை வரும் இடத்திலேயே தோண்டச் சொன்னாள். தானும் வெறுங்கையால் தோண்டினாள்.

அங்கேதான் இருந்தான். உதடு நீலம் பாரித்து, மூச்சோடு.

அவன் சட்டைப்பையில் இருந்த கருவியை ஹூபர் எடுத்துப் பார்த்தார். உள்ளே பற்றரி இல்லாமல் வெறுமையாக இருந்தது. குழிக்குள் வேறு யாரும் இல்லை. சுகிர்தனைத் தூக்குபலகையில் கிடத்திக் கொண்டுபோனார்கள். கொறற்றியின் கருவியில் அம்புக்குறி மெல்லத் திரும்பி, குழியை விட்டு, தூக்குபலகையின் பின்னாலேயே போயிற்று.

அவள் கருவியைப் பனிக்குள் எறிந்தாள்.

மறுநாள் கெம்ப்டன் ஆஸ்பத்திரியில் நல்ல வெயில் அடித்தது. சுகிர்தன் கண் விழித்து அவளை அடையாளம் கண்டான். அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெதுவாகப் பேசினான்.

“கீழ ஒராள் இருந்தவர், கொறற்றி.”

“ஒருத்தரும் இல்லை. கனவு.”

“என்ர கையைப் பிடிச்சுக்கொண்டே இருந்தவர்.”

அவன் மணிக்கட்டில் இருந்த தடத்தை டாக்டர் குளிர்க்காயம் என்றுதான் சொல்லியிருந்தார். கொறற்றி போர்வையை விலக்கி அவன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். வெளிறிய தோலில் நாலு கோடுகள், எதிர்ப்பக்கம் பெருவிரல் அளவில் ஒன்று. தன் விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். அவளுடைய கையைவிடச் சின்னக் கை. அந்த இடம் மட்டும் வெயிலிலும் சில்லென்றிருந்தது.

வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று அவன் தலையசைத்தான். பிறகு மெல்ல மறுபக்கம், கதவை நோக்கி, முகத்தைத் திருப்பினான்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒருவரும் தொடாத மணிக்கட்டின் தோல் ஒவ்வொரு விரலாக உள்ளே அமுங்கியது.