இறக்கைக்குள் ஒரு கை!

"ஐயோ... பூபதிண்ணா!"

உதவியாள் கவிதாவின் அலறல் தகரக் கொட்டாயைக் கிழித்தது.

மலைமேல் திண்ணனூர் நாடு. மாலைப் பனி. பாதி முடிந்த குட்டி விமானத்தின் அலுமினிய இறக்கையடியில் பூபதி குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம்! பக்கத்தில் கைக்கு அடக்கமாய் ஓர் இரும்புக் கட்டை.

வீட்டிலிருந்து ஓடி வந்தாள் அவன் மனைவி கோகிலவாணி.

"அடிப்பாவி... கொன்னுட்டியாடி! மூணு வருசமா அவர இந்தக் கொட்டாய்லயே கட்டிப் போட்டவ! பேருக்குத்தான்டி அண்ணன்!"

"அக்கா... நான் இப்பத்தான் பஸ்ஸுல எறங்கி வாரேன்க்கா..."

இன்ஸ்பெக்டர் அண்ணாமலை வந்தார். விசாரித்தார்.

கவிதா சொன்னது நிஜம்! காலையிலேயே நாமக்கல் போனவள். திரும்பும்போது காரவள்ளிக்கு மேலே, கொண்டை ஊசி வளைவில், லாரி ஒன்று மக்கர். மத்தியானத்திலிருந்து நின்ற பஸ்ஸில் அவளும் இருந்தாள். ஒரு பஸ் சனமே சாட்சி!

"அப்ப எவனோ திருட்டுப் பயதானுங்க," என்றாள் கோகிலவாணி. "அவரு ஒத்தையாத்தான் டடடடன்னு அடிச்சுட்டு இருந்தாரு. நான் இதுக்குள்ள கால் வெச்சதே இப்பத்தானுங்க."

கவிதா அழுகையை நிறுத்தினாள். இறக்கையையே பார்த்தாள்.

"சார்... இந்த ரிவெட் ஆணி வரிசை நேத்து சாயந்திரம் இல்லீங்க."

"அதான் இன்னிக்கு அடிச்சிருக்காரே?"

"இத ஒத்தையா அடிக்க முடியாதுங்க சார். வெளிய ஒருத்தர் ரிவெட் கன் பிடிக்கணும். இன்னொருத்தர் இறக்கைக்குள்ள கைய விட்டு, பின்னால இந்தக் கட்டைய முட்டுக் குடுக்கணும். எப்பவும் நான்தான் பிடிப்பேன்."

"இன்னிக்கு யாரு?"

"தெரியலீங்க. ஆனா புதுக் கை. ரிவெட் பூராவும் சாஞ்சு கெடக்குது."

அண்ணாமலை மெல்லக் கோகிலவாணி பக்கம் திரும்பினார்.

"உள்ளங்கையக் காட்டுங்கம்மா."

"எ... எதுக்குங்க?"

"காட்டுங்க!"

விரிந்த கையில்... கன்றிச் சிவந்த கொப்புளங்கள்! விரலிடுக்கில் அலுமினியக் கறுப்பு!

கோகிலவாணி உடைந்தாள்.

"மூணு வருசத்துல இன்னிக்குத்தான் சார் மொதமொத கூப்பிட்டாரு! 'கவிதா இல்ல, நீ வந்து பிடி கண்ணு'ன்னாரு. கை மரத்துப் போச்சு... உடாமப் பிடிச்சேனுங்க. கடைசி ரிவெட்டையும் அடிச்சுட்டு, தடவிப் பாத்து சிரிச்சாரு..."

"சிரிச்சு?"

"'என்ன இருந்தாலும் கவிதா பிடிக்கற மாதிரி வராது'ன்னாருங்க!"

அவன் அதைச் சொன்னபோது, கட்டை அவள் கையில்தான் இருந்தது.

ஜீப் கிளம்ப வேண்டிய நேரம். கான்ஸ்டபிள் சென்றாயனைக் காணோம்! வேலியோரம் செல்போனும் கையுமாய் வியர்த்து நின்றான்.

"யாருக்குய்யா போன்?"

"சம்சாரத்துக்குங்கய்யா. எங்கம்மா சுடற பணியாரம் மாதிரி வரலேன்னு காலைல சொல்லிட்டு வந்துட்டேன்..."

"அதுக்கு?"

"பணியாரக் கல்லும் இரும்புங்கய்யா!"