செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து

"என் புள்ள ரெமியை ஸ்கூல்லேர்ந்து நீக்கிட்டாங்கக்கா! நானே எழுதிக் குடுத்தேனாம்!"

நியூ ஆர்லியன்ஸில் க்ளோவிஸின் முடிதிருத்தும் கடைக்குள் ஈவெட் புயலாக நுழைந்தாள். காபி குடித்துக்கொண்டிருந்த ஆக்டேவியா அவள் நீட்டிய விலகல் படிவத்தை நிதானமாக வாங்கினார். பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளை முப்பது வருடம் தேடிப் பிடித்த அதிகாரி அவர்.

'பிப்ரவரி 17, செவ்வாய், காலை பத்து மணி. தாய் அலுவலகத்துக்கு நேரில் வந்து, ஈஸ்டரோடு மகனை விலக்கிக்கொள்ளக் கையெழுத்திட்டார்.'

அது அரசுப் பணத்தில் தனியார் குழு நடத்தும் பள்ளி. மாநிலத் தேர்வுக்கு இன்னும் இரண்டே வாரம். மதிப்பெண் சரிந்தால் பள்ளியின் உரிமம் போய்விடும். ரெமிக்கோ வாசிப்பு மெதுவாகத்தான் வரும். விலகுவதென்றால் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே எழுதித் தரவேண்டும் என்பது விதி.

"ஸ்கூலைப் பெத்தவங்க தேர்ந்தெடுக்கலாம்னு சொன்னாங்க. இப்ப ஸ்கூலு புள்ளைங்களைப் பொறுக்குது!" என்று கொதித்தான் க்ளோவிஸ். "பிப்ரவரியில லாண்ட்ரிதானே பிரின்சிபால்? அவர் வேலைதான்க்கா இது!"

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆக்டேவியா வெளியே பார்த்தார். திருவிழா ஊர்வலத்தில் வீசிய பாசிமாலைகள் ஓக் மரத்தில் இன்னும் தொங்கின.

மறுநாள் ஆக்டேவியா, ஈவெட், ரெமி, க்ளோவிஸ் நால்வரும் பள்ளிக்குப் போனார்கள். அலுவலகத்தில் மாணவர் கோப்பைத் தொடக்கூடிய மூவரும் இருந்தார்கள்: இப்போது துணை முதல்வராக இருக்கும் உள்ளூர்க்காரர் லாண்ட்ரி, உள்ளூரிலேயே பிறந்த எழுத்தர் ஷெர்லின், மார்ச்சில் மினசோட்டாவிலிருந்து வந்த புது முதல்வர் ஹாகன்சன்.

"ஈவெட், பிப்ரவரி பதினேழு பத்து மணிக்கு எங்க இருந்தே?" என்று கேட்டார் ஆக்டேவியா.

"ரோட்டுலதான். ரெமியை ஏணி மேல உக்கார வச்சு ஊர்வலம் பார்த்தோம். ஊரே அங்கதான இருந்துச்சு!"

ஷெர்லின் சிரித்துவிட்டாள். "அட, மார்டி க்ரா திருவிழா! ஊருக்கே லீவு, ஆபீஸ் பூட்டித்தானே கெடந்துச்சு!"

"அந்தத் திருவிழாத் தேதி வருஷா வருஷம் மாறும்," என்றார் ஆக்டேவியா. "பழைய தேதி போட்டுப் பொய் எழுதறவங்க வேலை நாளாப் பார்த்துத்தான் எழுதுவாங்க. அந்தச் செவ்வாயை வேலை நாள்னு இந்த ஊர்க்காரங்க யாரும் எழுத மாட்டாங்க. மார்ச்ல வந்தவருக்குத்தான் அது வெறும் செவ்வாய்க்கிழமை. பழி பழைய பிரின்சிபால் மேல விழும்னு நெனச்சீங்க, இல்லையா சார்?"

க்ளோவிஸ் வெட்கத்தோடு லாண்ட்ரியைப் பார்த்தான். ஹாகன்சனின் முகம் வெளுத்தது.

"ஒரு பையனுக்காக நானூறு புள்ளைங்க ஸ்கூலை இழக்கணுமா? வேற எத்தனையோ ஸ்கூல் இருக்கும்மா. நீங்க தேர்ந்தெடுத்துக்கலாம்."

படிவம் ஆக்டேவியாவின் பைக்குள் போனது. கல்வி வாரியம் அதை அன்று மாலையே பார்க்கும்.

"தேர்ந்தெடுத்தாச்சு சார்," என்றாள் ஈவெட். "இந்த ஸ்கூலு. மூணாவது வரிசை, ஜன்னலோரம். ரெமி, போய் உன் எடத்துல உக்காரு!"

வாசலில் நின்ற ரெமி பையை மாட்டிக்கொண்டு வகுப்பறைக்கு நடந்தான். ஒருவரும் தடுக்கவில்லை.