நீலத்துளி

நெல்லையப்பன் பல் தேய்த்துவிட்டு வந்து கலவைப்பெட்டியின் பொத்தானை அமுக்கினார். குவளையில் மருந்து விழுந்தது. வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து சிவப்பாக விழுந்த காலைத்துளி இன்றைக்கு நீலமாக இருந்தது.

சிவப்பு இதயத்துக்கு, மஞ்சள் சர்க்கரைக்கு, நீலம் மனசுக்கு. பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. திரையில் ஒரே ஒரு வரி: ‘உங்கள் குருதிவழியில் புதிய தகவல் சேர்ந்துள்ளது.’ ரத்தசொந்தத்தில் ஒருவருக்கு நோய் என்று பதிவானால் அத்தனை பேர் மருந்தும் மாறும். வீடுவீடாக மருந்தை முடிவு செய்யும் குருதிவலையின் சட்டம் அது. யாரால் மாறியது என்று மட்டும் சொல்லாது.

யாரோ வாயைத் திறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வடிவுக்கு நிச்சயதார்த்தம். இரண்டு வீட்டாரும் சபையில் உட்கார்ந்து சேர்ந்தாற்போல் காலைத்துளி குடிக்க வேண்டும். பொருத்தம் பார்ப்பது இப்போதெல்லாம் அப்படித்தான். நீலத்தைக் கண்டால் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்காமல் கிளம்பிவிடுவார்கள்.

அவருடைய அப்பா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். வலைக்கு மாரடைப்பு என்று சொல்லி வைத்தார்கள். செத்துப்போனவர்களைப் பற்றி குடும்பம் சொன்னதுதானே வலைக்கு வேதம்! உண்மை அவருக்கும் கோமதி அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். பெண்டாட்டி கண்ணை மூடும்வரை அவளிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை.

அப்படியானால் அக்காவேதான். தன் மகனுக்கு வடிவைக் கேட்டாள். சொந்தத்தில் கட்டினால் சிவப்பு இரட்டிப்பாகும் என்று இவர் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். அந்தக் காந்தல் இருக்கத்தானே செய்யும்?

போன் போட்டார். அக்கா முந்திக்கொண்டாள்.

“ஏல, எனக்கும் நீலந்தான் விழுந்திருக்கு. நீதான் சொல்லித் தொலைச்சிட்டியோன்னு வயிறெரிஞ்சு உக்காந்திருக்கேன்.”

பிள்ளை மேல் சத்தியம் செய்தாள். இவர் நம்பவில்லை. நல்லா நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தார்.

அப்போதுதான் வடிவு வந்தாள். பொத்தானை அமுக்கினாள், நீலத்தை எடுத்துக் குடித்தாள். அவள் முகத்தில் ஒரு திகைப்பும் இல்லை. அது அவருக்குச் சுருக்கென்றது.

“நீயா சொன்ன?”

“நாந்தாம்ப்பா.”

“தாத்தா சங்கதி உனக்கு யாரு சொன்னா?”

“தாத்தாவுக்கு என்ன?”

வடிவு தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். செத்துப்போய்விடலாம் போல இருக்கிறது என்று அவள் ரொம்ப நாளாக வலையிடம் சொல்லி வந்திருக்கிறாள். உங்கள் குருதிவழியில் இது கிடையாது, வெறும் சோர்வு என்று ஒவ்வொரு தடவையும் அது தள்ளிவிட்டுச் சிவப்பையே கொடுத்திருக்கிறது. நேற்று ஒரு டாக்டரம்மாவை நேரில் போய்ப் பார்த்து, அவர் பதிந்த பிறகுதான் வலை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

“நம்ம வம்சத்துல யாருக்குமே இல்லாதது எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு? அதான் உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சுப்பா.”

காலையிலிருந்து யார் யாரையோ சந்தேகப்பட்ட நெல்லையப்பன் தன்னை மட்டும் விட்டுவிட்டிருந்தார். பெட்டியின் முன்னால் போய் நின்று அப்பாவின் பெயரைச் சொன்னார். இறந்த காரணத்தை மாற்ற வேண்டுமா என்று பெட்டி கேட்டது. மகளைப் பார்த்தபடியே உண்மையைச் சொல்லி முடித்தார்.

“உனக்கு மட்டும் இல்லட்டி. நாந்தான் மறைச்சுட்டேன்,” என்றார். “ஞாயித்துக்கிழமை சபையில ரெண்டு பேரும் ஒண்ணாக் குடிப்போம். எந்திரிச்சுப் போறவன் போகட்டும்.”

குடிக்காமல் வைத்திருந்த தன் குவளையை எடுத்து, அவள் பார்க்கவே குடித்தார்.