மாலை தங்காத கொம்பு

மாடுகள் மலையிறங்கும் நாளில் எங்கள் ஏரிக்கரையில் கால்வைக்க இடம் கிடைக்காது. மேப்பிள் மரமெல்லாம் மஞ்சளாகி நிற்கும், நெய்யில் பொரித்த மாவுருண்டை வாசனை ஊரைத் தூக்கும், பித்தளை வாத்தியக்காரர்கள் மூக்கு சிவக்க ஊதுவார்கள். மியூனிக்கிலிருந்து வரும் பட்டணத்துக்காரர்கள் சாணியை மிதித்துவிட்டு அலறுவதைப் பார்க்கவே நான் சீக்கிரம் வந்துவிடுவேன். பவேரியா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கூத்து கிடைக்காது.

இந்த வருஷம் மட்டும் எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. படகுத்துறையில் மாலைகளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சை இலைக் கொத்தும் சிவப்பு ரிப்பனுமாக நான் விரல் தேயக் கட்டியவை. கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகள் தட்டைப் படகில் ஏரியைக் கடந்து வரும். கரையேறிய பிறகுதான் கொம்புக்கு மாலை. அதுவும் மலையில் மாடோ மனுஷரோ ஓர் உயிர் போயிருந்தால் கிடையாது. வெறுங்கொம்போடு, வாத்தியம் இல்லாமல் தொழுவம் போய்ச் சேர வேண்டியதுதான்.

"என்னடி கல்யாணப்பொண்ணு, மூஞ்சிய உம்முனு வெச்சிருக்க?" பக்கத்து வீட்டு சென்சி என் விலாவில் இடித்தாள். "மாப்ள வர்ற நேரம். கொஞ்சம் சிரியேன்."

"என் தங்கச்சி செஞ்ச காரியத்துக்கு வாய்விட்டே சிரிக்கலாம்."

மேலே குவிரினின் மாடுகளைக் கவனித்துக்கொண்டவள் என் தங்கை லேனி. குவிரின் எனக்கு நிச்சயமானவன். போன வாரம் அவன் இறங்கி வந்து, அவள் யாரோ ஓர் இத்தாலிக்காரனோடு கணவாய் தாண்டி ஓடிவிட்டதாகச் சொல்லிவிட்டு மாடுகளிடம் திரும்பிப் போனான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவள் நான். இனி அவள் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று கத்தித் தீர்த்தேன்.

மதியம் சாய்ந்ததும் ஏரிமேல் மூடுபனி இறங்கியது. அதற்குள்ளிருந்து முதலில் மணியோசை வந்தது. பிறகு படகு வந்தது.

குவிரின் தொப்பியைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான். கைதட்டல் காதைப் பிளந்தது.

"சீக்கிரம் கட்டு பூர்கி. எல்லாரும் பாக்கறாங்க."

"லேனிகிட்டேருந்து ஏதாச்சும்..."

"இன்னுமா அவளப் பத்தி? உன்னத் தூக்கிப் போட்டுட்டுப் போனவ அவ." என் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

முன்மாடு லீசலின் கொம்பில் மாலையை வைத்து இறுக்கி முடிந்தேன். அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது.

மறுபடி கட்டினேன். என் கண்ணெதிரிலேயே ரிப்பன் மெதுவாக, அவசரமே இல்லாமல், யாரோ விரல்விட்டுப் பிரிக்கிற மாதிரி பிரிந்தது. மாலை சேற்றில் விழுந்தது.

"கல்யாணப் பதட்டம்டோய்!" என்று எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மாட்டுக்குக் கட்டினேன். அதுவும் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. ரிப்பன் என் கையில் ஈரமாக, சில்லென்று ஒட்டியது. வெயிலே படாத பாறையின் வாசனை வந்தது. கூடவே நனைந்த கம்பளி வாசனை.

வாத்தியம் நின்றுவிட்டது. யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அப்போதுதான் கேட்டது.

"ஓ... லீசே... வா, லீசே..."

லீசலைக் கூப்பிடும் குரல், நடு ஏரியிலிருந்து, பனிக்குள்ளிருந்து வந்தது. கடைசியில் மூக்கால் இழுக்கும் அந்த இழுப்பு ஊரில் ஒருத்திக்குத்தான் உண்டு.

மாடுகள் அத்தனையும் ஒன்றாகத் தலை திருப்பின. தொழுவத்துப் பக்கம் அல்ல, தண்ணீர்ப் பக்கம்.

"ஐயோ, லேனிடி அது," என்றாள் சென்சி.

குவிரின் என் தோளைப் பற்றினான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"அவ இல்ல," என்று கிசுகிசுத்தான். "அவளா இருக்கவே முடியாது. அந்தப் பாறைக் குழிக்குள்ளேருந்து சத்தம் இங்க வரைக்கும் வராது. நான்தான் நின்னு கேட்டேனே. அவ கூப்பாடு அடங்கினப்புறம்தானே கல்லப் போட்டு மூடினேன்."

என்ன சொன்னோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"எந்தக் குழிடா?"

"பூர்கி... ராத்திரி அவ குடிசைக்குப் போனேன், அவ்வளவுதான். அக்காகிட்ட சொல்லிடறேன்னு இருட்டுல ஓடினா. பிடிக்கப் போனேன். கால் தவறிடுச்சு..."

"கல்லு? அதுவும் கால் தவறித்தான் விழுந்துச்சா?"

அவன் மாலை வேண்டாம் என்றிருந்தால் யார் செத்தது என்று ஊர் கேட்டிருக்கும். அதற்காக, என் தங்கையைப் புதைத்த கையோடு, என் கையாலேயே சிவப்பு ரிப்பன் கட்டச் சொல்லியிருக்கிறான் பாவி. நானும் அவனை நம்பி, அவளைத் தினம் சபித்துக்கொண்டே கட்டியிருக்கிறேன்.

நாலைந்து பேர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். மற்றவர்கள் கயிறும் விளக்கும் எடுத்துக்கொண்டு அதே படகில் ஏறினார்கள். நானும் ஏறப் போனேன். சென்சி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அடங்கிட்டான்னுதானேடி சொன்னான்? மயக்கத்துல இருந்திருப்பா. இப்பக் குரல் கேட்டுச்சே. உசுரோட இருக்கா. நீ வேணா பாரு."

அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

பொழுது சாய்ந்தது. வெறுங்கொம்போடு தொழுவம் சேர்ந்த மாடுகளின் மடி கனத்துவிட்டது. நம் வீட்டு இழவு அதுகளுக்குத் தெரியுமா? ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தனியாகத் தொழுவத்துக்குள் போனேன். லீசலின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறக்க ஆரம்பித்தேன். கறந்துகொண்டே லேனியைத் திட்டினேன். வாடி, வந்து சேரு, ரெண்டு அறை விட்டுட்டுத்தான் சூப்பே ஊத்துவேன். கண்ணீர் மூக்கில் வழிந்தது, துடைக்கவில்லை.

சர்... சர்... சர்...

பக்கத்து மாட்டின் கீழே இன்னொரு வாளியில் பால் விழும் சத்தம்.

நான் கையை நிறுத்தினேன். அது நிற்கவில்லை.

நான் கொண்டுவந்தது ஒரே வாளி.

நனைந்த கம்பளி வாசனை மெல்ல என்னைச் சுற்றியது. மேலே போனவர்கள் இனி அவசரப்பட வேண்டியதில்லை என்று புரிந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"லேனி," என்றேன். "என்னைய ஒரு வாட்டி கூப்பிட்டிருக்கக் கூடாதாடி?"

பால் சத்தம் நின்றது.

"கூப்பிட்டேனே, அக்கா."

பிறகு, மறுபடியும் பால் விழத் தொடங்கியது.