எட்டாம் ஆழத்துக் காற்று

செவ்வாய்க் கிரகத்தில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள், சாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எத்தனையாவது ஆழம்?"

எட்டாம் ஆழம் என்று பதில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு பையனுக்கு வழுக்கையா, வேலை உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை. இரண்டாம் ஆழம் என்றால், "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

காரணம் எளிது. பூமியைப்போலக் கனத்த காற்றுப் போர்வை செவ்வாய்க்குக் கிடையாது. சூரியனும் விண்வெளியும் அனுப்புகிற கதிர்கள் நேரே தரைக்கு வந்து தோலைத் துளைக்கும். மண்ணுக்குள் எத்தனை ஆழத்தில் குடியிருக்கிறீர்களோ, அத்தனை ஆயுள். ஆகவே செம்பொழில் என்ற அந்தக் குடியேற்றத்தைப் பெரிய கிணறுபோலத் தோண்டி, எட்டு அடுக்குகளாக வீடு கட்டியபோது, ஆணையரும் செயலர்களும் அவர்களுடைய மைத்துனர்களும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். குழாய் பதிப்பவர்களும் உலை பார்ப்பவர்களும் சமையல்காரர்களும் மேலே. "மேட்டுக்காரன்" என்பது அங்கே வசவு. "அவர் ரொம்ப ஆழமான குடும்பம்" என்றால் பாராட்டு.

செம்பொழிலின் மண்ணில் குளோரின் கலந்த உப்பு ஏராளம். அதைக் கழுவி எடுத்து மின்சாரம் பாய்ச்சி, குளோரின் வாயுவைப் பிரிப்பார்கள். இருக்கிற கொஞ்சம் தண்ணீரையே திரும்பத் திரும்பக் குடிக்கிற ஊரில், கிருமியைக் கொல்ல அது வேண்டும். குழாய்க்கான பிளாஸ்டிக் செய்யவும் அது வேண்டும். அழுத்தித் திரவமாக்கி, இரும்பு உருளைகளில் அடைத்து, மூன்றாம் ஆழத்து அறையொன்றில் அடுக்கியிருந்தார்கள். வெளியே கசிந்தால் மஞ்சளும் பச்சையும் கலந்த புகை. காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். கண்ணோ தொண்டையோ நுரையீரலோ, ஈரம் எங்கே கிடைத்தாலும் அங்கே அமிலமாகிவிடும்.

கனமான வாயு கீழேதான் இறங்கும். எட்டு ஆழங்களுக்கும் நடுவில் ஒரே மின்தூக்கிக் குழி. இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப் பெரியவர்கள் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவள் ரஞ்சிதம். குடியேற்றத்தின் பாதுகாப்புப் பொறியாளர். முதல் ஆழத்தில், சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் கணவன் ஞானவேலோடும் ஏழு வயது மகள் அல்லியோடும் குடியிருப்பவள். அவள் எழுதி வைத்த விதிகள் மிகச் சாதாரணமானவை. குளோரின் அறைக்குள் தனியாகப் போகாதே. காற்றுக்குடுவையோடு கூடிய முகமூடி அறைக்கு வெளியே, வாசலிலேயே தொங்கட்டும். உருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் புது ஈய வாஷர் போடு. அறைக்குள் மோப்பன் எப்போதும் விழித்திருக்கட்டும்.

மோப்பன் என்பது நாய் அளவிலான எந்திரம். அந்த வாயு தரையோடு தரையாக வரும் என்பதால், அதன் மூக்கும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும்.

இதெல்லாம் வருடம் முழுவதும் ஒழுங்காக நடந்தது, பாதுகாப்பு வாரம் வரும்வரை.

பாதுகாப்பு வாரம் என்றால் ஆணையர் பரஞ்சோதிக்கு உயிர். எட்டாம் ஆழத்து விழா அரங்கில் கண்காட்சி வைத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். மூன்றாம் ஆழத்திலிருந்த முகமூடிகள் அத்தனையும் கீழே இறங்கி, துணிக்கடைப் பொம்மைகளின் முகத்தில் ஏறின. குடுவைகளின் பாரம் தாங்காமல் பொம்மைகள் சாய்ந்ததால், குடுவைகளைக் கழற்றி எங்கோ போட்டார்கள். மோப்பனைக் குளிப்பாட்டி, நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் பொட்டு வைத்துக் கூட்டிப்போனார்கள். அதற்கு அன்று விருது.

அரங்கின் வாசலில் ரஞ்சிதம் நின்றுவிட்டாள். தரையில் பளபளவென்று ஒரு கோலம். உற்றுப் பார்த்தால், கோலம் முழுக்க ஈய வாஷர்கள். பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நடுவில் எழுத்து: 'பாதுகாப்பே நம் மூச்சு'.

செயலர் தில்லைநாயகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "எப்படி மேடம்? எங்க மருமக ஐடியா."

"சார், கிடங்குல ஒரு வாஷர்கூட இல்ல, புதுசு வாங்க நிதியும் இல்லையாம். மொத்தமும் இதுதான்."

"அதான் இவ்வளவு பெரிசா வந்திருக்கு."

"இன்னிக்கு உருளை மாத்தணும் சார். ஈயம் ஒருதடவ நசுங்கினா அவ்வளவுதான், திரும்பப் போட்டா ஒழுகும். மாத்துறதையாவது நாளைக்குத் தள்ளி வைங்க."

"எப்படித் தள்றது? சாயங்காலம் விருந்தாளிங்க எல்லாம் நீச்சல் குளத்துல இறங்கப் போறாங்க. தண்ணிக்கு மருந்து வேணாமா? பழைய வாஷர் இருக்கும்ல, போட்டு இறுக்கச் சொல்லுங்க."

"பழசப் போடக்கூடாதுன்னு சொல்றதுக்குத்தானே சார் இந்த வாரமே!"

"இந்தக் கோவத்தாலதான் மேடம் நீங்க இன்னும் ஒண்ணாம் ஆழத்துலயே கிடக்கிறீங்க" என்றார் தில்லைநாயகம் அன்பாக.

"மோப்பனையாவது மேல அனுப்பி வைங்க."

"விருது வாங்குறவரே விழாவுக்கு வரலைன்னா நல்லா இருக்குமா?"

அவள் மேலே ஓடியிருப்பாள். ஆனால் எட்டாம் ஆழத்துக்கு வந்த மேட்டுக்காரர்கள் விழா முடியாமல் திரும்ப முடியாது. ஆணையரின் பாதுகாப்புக்காக மின்தூக்கியை நிறுத்தி, படிக்கட்டுக் கதவையும் பூட்டிவிட்டார்கள். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அரங்கத்துக்குள் அல்லி இருந்தாள். வரவேற்புப் பாட்டுப் பாட முதல் ஆழத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகளை வரவழைத்திருந்தார்கள்; ஜிகினா ஒட்டிய பாவாடையில், வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தாள்.

ஆணையர் வரவில்லை. குழந்தைகள் நின்றார்கள். கால் மாற்றி நின்றார்கள். உட்கார்ந்த ஒரு பையனை ஆசிரியை காதைத் திருகி எழுப்பினார். ஆணையர் வீடு அரங்கத்துக்கு அடுத்த கதவுதான். இருந்தாலும் சீக்கிரம் வந்தால் மரியாதை என்ன ஆவது?

ஒருவழியாக வந்தார். பாட்டு முடிந்தது. குழந்தைகளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மோப்பனை மேடைக்குக் கீழே, எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் நிறுத்தியிருந்தார்கள். நீர்த்துறை சார்பில் அதற்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மின்துறை சார்பில் ஒன்று. வர்த்தகர் சங்கம், மகளிர் அணி, மகளிர் அணியிலிருந்து பிரிந்த இன்னொரு மகளிர் அணி. கடைசியில் மோப்பன் இருந்த இடத்தில் ஒரு சரிகைக் குவியல் மட்டும் இருந்தது.

"இந்த எந்திரம்," என்று ஆணையர் பேசத் தொடங்கினார், "ஒரு தடவைகூட அலறியதில்லை! அலறவேண்டிய அவசியத்தை நான் ஏற்படுத்தியதில்லை!"

கைதட்டல். அதற்கு நடுவில் ஒரு குழந்தை இருமியது.

"ஷ்ஷ்! தலைவர் பேசுறாருல்ல" என்றார் ஆசிரியை.

இன்னொரு குழந்தை இருமியது. அல்லி கண்ணைக் கசக்கினாள். "மிஸ், கண்ணு எரியுது."

"ஜிகினா பட்டிருக்கும். தேய்க்காத, நேரா நில்லு."

பின்சுவரோரம் நின்ற ரஞ்சிதத்தின் மூக்கில் ஒரு நெடி ஏறியது. எட்டாம் ஆழத்தாருக்கும் ஏறியது; ஆனால் அவர்களுக்கு அது நீச்சல் குளத்தின் வாசனை, வீட்டு வாசனை. மின்தூக்கிக் குழியின் கதவிடுக்கிலிருந்து இளமஞ்சள் புகையொன்று இறங்கி, தரையோடு தவழ்ந்து, குழந்தைகளின் முழங்காலைச் சுற்றியது. முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் பக்கத்திலிருந்தவரிடம், "இந்தத் தடவ புகையெல்லாம் விடுறாங்க, பிரமாதம்" என்று சொல்லிக் கைதட்டினார்.

ரஞ்சிதம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பொன்னாடைகளை இரண்டு கையாலும் அள்ளி எறிந்தாள். மூக்கு திறந்த மறுகணமே மோப்பன் வீறிட்டது: "குளோரின்! மேலே ஏறுங்கள்! குளோரின்! மேலே ஏறுங்கள்!"

யாரும் அசையவில்லை.

"யாரப் பாத்து மேல போகச் சொல்லுது?" என்றார் ஆணையர்.

ரஞ்சிதம் அல்லியைத் தூக்கி மேடைமேல் போட்டாள். அடுத்த குழந்தை. அதற்கடுத்த குழந்தை. "எல்லாரும் மேடைல ஏறுங்கடா! நாற்காலி மேல ஏறு! கீழ குனியாதே!"

"மேடம், அது ஆணையர் நாற்காலி! புரோட்டோகால்!" என்று தில்லைநாயகம் குறுக்கே வந்தார்.

"உன் புரோட்டோகால்ல இடி விழ! தள்ளுய்யா!"

அவரைத் தள்ளிவிட்டுப் படிக்கட்டுக் கதவுக்கு ஓடினாள். வாயு குழி வழியாகத்தான் வந்தது. படிக்கட்டு தனி வழி, அங்கே காற்று நன்றாக இருக்கும். காவலன் மாசிலாமணி கதவில் முதுகைச் சாய்த்து நின்றான்.

"மேலருந்து யாரும் வரக்கூடாதுன்னுதான் மேடம் இந்தப் பூட்டு. இங்கருந்து போறதுக்கு எனக்கு ஆர்டர் இல்ல. இதுவரைக்கும் யாரும் மேல போகணும்னு கேட்டதே இல்ல."

"உன் மூக்கக் கேளு, அது சொல்லும் ஆர்டர்!"

மாசிலாமணி பதில் சொல்ல வாய் திறந்தான், இருமல்தான் வந்தது. கண்ணில் நீர் கொட்டக் கொட்டப் பூட்டைத் திறந்தான்.

அதன்பிறகு மரியாதை பார்க்க யாருக்கும் மூச்சு இல்லை. முந்தி ஏறியவர் ஆணையர். ரஞ்சிதமும் ஆசிரியையும் வந்தவரிடமெல்லாம் ஒரு குழந்தையைத் திணித்து அனுப்பினார்கள். அல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு ரஞ்சிதம் கடைசியாக ஏறினாள். தோளில் கேட்ட அந்த இழுப்புச் சத்தம் நின்றுவிடக்கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் அவள் நினைக்கவில்லை. முதல் ஆழத்துச் சமையற்கூடத்தில் ஞானவேல் பெரிய மனிதர்களின் முகத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான்.

வாயு எப்படி நின்றது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்றாம் ஆழத்தில், செயலர் சொல்லியனுப்பியபடி பழைய வாஷரைப் போட்டு உருளையை இணைத்தவன் இருளப்பன். விழாவில் நாற்காலி போடக் கூட்டாளியைக் கூட்டிப்போய்விட்டதால் தனியாக இருந்தான். இணைப்பு பிய்த்துக்கொண்டதும் வெளியே ஓடி வந்தவன், முகமூடி தொங்கவேண்டிய இடத்தில் வெறும் ஆணியைப் பார்த்தான். ஈரத்துணியை வாயில் கட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனான். வால்வை மூடிவிட்டுத்தான் விழுந்தான். மறுபடி எழுந்திருக்கவில்லை.

அல்லி பிழைத்தாள். இருமல் மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. தலைவர், ஆணையரின் மைத்துனர். விபத்துக்குக் காரணம் தொழிலாளி இருளப்பனின் கவனக்குறைவு என்று முதல் அமர்விலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்ச அமர்வுகள் எல்லாம் வேறொரு பெரிய விஷயத்துக்குச் செலவாயின: இந்த வாயு கீழ்நோக்கித்தான் வரும் என்றால், கீழே யார் இருக்கவேண்டும்?

வாஷர் வாங்க இல்லாத நிதி, முதல் ஆழத்துக்கு மேலே கதிர்களைத் தடுக்கும் கனத்த கூரை போட உடனே கிடைத்தது. கூரை முடிந்த மறுநாள் ஆணையர் திரையில் தோன்றித் தழுதழுத்தார். "மேலே வெந்துகொண்டிருக்கும் என் உழைக்கும் மக்களே! இந்த அநியாயத்தை இனியும் என் மனசாட்சி பொறுக்காது. ஏழாம் ஆழமும் எட்டாம் ஆழமும் இன்றுமுதல் உங்களுடையவை! நாங்கள் மேலே போய்க் கஷ்டப்படுகிறோம்." திட்டத்தின் பெயர் சமத்துவ இறக்கம்.

முதல் ஆழத்தில் வெடி வெடித்தார்கள். ஒதுக்கீட்டு அலுவலகத்தின் முன்னால் நின்ற வரிசை மூன்று திருப்பம் திரும்பியது. ரஞ்சிதம் அந்த வரிசையின் ஓரமாகக் கத்திக்கொண்டே போனாள்.

"போகாதீங்க! உருளையெல்லாம் அதே இடத்துலதான் இருக்கு! கூரை போட்டாச்சில்ல, இங்கயே இருப்போம்னு சொல்லுங்க! இருளப்பன் எதுக்குச் செத்தான்?"

"வயித்தெரிச்சல் புடிச்சவ" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"இவ்வளவு நாள் அவங்க இருந்த இடம்தானே? அவங்க என்ன செத்தா போயிட்டாங்க?" என்றான் இன்னொருவன்.

"நாம நல்லா வந்தா சிலபேருக்குப் பொறுக்காது, விடு."

வரிசையின் முன்பக்கத்தில், சன்னலுக்கு நேரே, ஞானவேல் நின்றுகொண்டிருந்தான். அவன் தோளில் அல்லி முகம் புதைத்து இருமிக்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க... நீங்களுமா?"

"கத்தாத ரஞ்சி. எல்லாரும் பாக்குறாங்க." அவன் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "எட்டாம் ஆழமே கிடைச்சிருச்சு. நாலு ரூம். பாப்பாவுக்காகத்தான் நான் ஒத்துக்கிட்டேன். அங்க காத்து ரொம்ப நல்லா இருக்குமாம், இருமல் தன்னால குறைஞ்சிடும்னு டாக்டரே சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"எட்டாம் ஆழத்து டாக்டர்தான். தங்கமான மனுஷன். அவரு வீட்டத்தான் நமக்கு விட்டுக் குடுத்துட்டு, பாவம், மேல போறாரு."